இரும்புச் சட்டியில் உன் பங்கு

குமாரு,

இதை எழுதுவது நான்தான். உறையின் மேல் இருக்கும் முகவரியை மட்டும் தபால் ஆபீஸில் ஒருவர் இங்கிலீஷில் எழுதித் தந்தார். உள்ளே இருப்பது முழுக்க என் கையெழுத்து. ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு காலைப் பொழுது ஆகிறது. முதல் நாள் உன் பெயரை மட்டும் எழுதிவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றே எழுத்து. முப்பத்திரண்டு வருஷமாகக் கூப்பிடுகிற பெயர் காகிதத்தில் இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நன்றாக இருக்கிறது. நீயும் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். உன் அம்மா அவ்வளவு சொல்லிக் கொடுத்தும் நீ ஓடி ஓடிப் போனவன். பரவாயில்லை. நான் மெதுவாக எழுதியதை நீ மெதுவாகப் படி. அவசரமாகப் படிக்க வேண்டிய விஷயமும் இல்லை இது.

உன் கல்யாணப் பத்திரிகை கூரியரில் வந்தது. மராத்தியிலும் இங்கிலீஷிலும் இருந்தது. எதிர்வீட்டு மராத்திக்கார சகுந்தலா மௌஷிதான் படித்துச் சொன்னாள். உன் பெயர், மேகனா பெயர், என் பெயர், உன் அம்மா பெயர் எல்லாம் இருக்கிறது என்றாள். இன்னும் ஐந்து வாரம். அதற்குள் உனக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உன் அம்மா போன அன்று நான் சமையலறையில் உட்கார்ந்து இரும்புச் சட்டியிலிருந்து முட்டை தின்றதை நீ பார்த்தாய். அதிலிருந்து பதினான்கு மாதமாக நீ இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. போனில் "மாத்திரை சாப்டியா, கரெண்ட் பில்லு வந்துச்சா" என்பதோடு சரி. நான் இதைச் சொல்லாமலே கல்யாணத்துக்கு வந்து நின்றால், நீ என் காலில் விழும்போதும் அந்தச் சட்டியைத்தான் நினைப்பாய். அது எனக்கு வேண்டாம். உனக்கும் வேண்டாம்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். மூன்று தடவை ஆரம்பித்தேன். நீ "சரி, வுடுப்பா" என்றாய். யாரையாவது வைத்து எழுதச் சொல்லியிருக்கலாம். ஆனால் இதை இன்னொருவர் வாயிலும் கையிலும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. உனக்குத் தெரியாத கதை அது.

நீ வயிற்றில் இருந்தபோது உன் அம்மா பிரசவத்துக்கு ஊருக்குப் போனாள். அங்கிருந்து கடிதம் போடுவாள். எனக்குப் படிக்கத் தெரியாது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் எழுதினாள். வெடிகுண்டு ஃபாக்டரியில் என்னோடு வேலை செய்த ஆரோக்கியம்தான் படித்துச் சொல்வான். நல்லவன், ஆனால் தொண்டை பெரிது. ஒருநாள் டீ நேரத்தில் இருபது பேர் நடுவில் வைத்துப் படித்தான். "ராத்திரியானா கால் இழுக்குது. நீங்க பக்கத்துல இருந்து புடிச்சி வுட்டா தேவல" என்று அவள் எழுதியிருந்தாள். அவ்வளவுதான் எழுதியிருந்தாள். அங்கே எழும்பிய சிரிப்பு நிற்க வெகுநேரம் ஆனது. அடுத்த ஒரு மாதம், "என்னா மாமா, கால் புடிக்கப் போவலியா? லீவு எழுதித் தரட்டா?" என்று எவனைப் பார்த்தாலும் கேட்டான். எனக்கு ஆரோக்கியத்தின் மேல் கோபம் வரவில்லை. எழுதிய அவள் மேல் வந்தது. அதே ஆரோக்கியத்தை வைத்து, இனிமேல் கடிதம் போடாதே, ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் ஊரிலிருந்து வருகிற ஆளிடம் சொல்லி அனுப்பு என்று எழுதச் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் எனக்கு ஒரு வரி எழுதவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்ததும் அவள் கேட்டது, "நான் எழுத்து சொல்லித் தரட்டா?" என்பதுதான். "எனக்கு எதுக்கு?" என்று சொல்லிவிட்டேன். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. அதைத் திருத்த எனக்கு எழுபத்தோரு வயது ஆகிவிட்டது.

கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு நடக்கிறது. பணக்காரர்கள் இருக்கும் பாணேர் பக்கமிருந்து காரில் கொண்டுவந்து விடுகிற பிள்ளைகளுக்காக நடத்துவது. நான் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். வாசுகி டீச்சர், "யாரோட தாத்தா நீங்க? பாப்பாவ விட்டுட்டு வெளில இருங்க" என்றார். "நானே பாப்பாதாங்க" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள், டீச்சரும் சிரித்தார், ஆனால் சிலேட்டுக்குப் பதில் ஒரு நோட்டைக் கொடுத்துவிட்டார். ஒரு சின்னப் பெண் என் நோட்டை எட்டிப் பார்த்து, "தாத்தா, யுவர் மானா இஸ் ஸ்லீப்பிங்" என்கிறாள். பார்த்தால் நிஜமாகவே என் 'ம' படுத்துக்கொண்டுதான் இருந்தது. எட்டு மாதம் போனேன். முதலில் நானாகப் படித்தது, நம் தெரு தமிழ்க் கடையில் அப்பளப் பாக்கெட்டின் மேல் எழுதியிருந்த 'அப்பளம்'. உள்ளே அப்பளம் இருக்கிறது என்பது எனக்கு முன்னமே தெரியும். இருந்தாலும் அந்தப் பாக்கெட் என்னிடம் நேராகச் சொன்னது போல இருந்தது. கடைக்காரர் வேண்டுமா என்று கேட்டார். வீட்டில் அப்பளம் இருந்தும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

இந்த ஒரு சந்தோஷம்தான் எனக்கு இருக்கிறது குமாரு. மற்றபடி சொல்ல ஒன்றுமில்லை. பல் பிடுங்கும்போது ஊசி போட்டால் கன்னம் எப்படி இருக்குமோ அப்படித்தான் பதினான்கு மாதமாக இருக்கிறேன். கிள்ளினால் கிள்ளுவது தெரிகிறது, வலி தெரிவதில்லை. சாப்பாடு வாய்க்குள் போகிறது. வெயில் அடிக்கிறது, மழை பெய்கிறது. அவள் புடவைகளை உன் சித்தி வந்து எடுத்துப் போனாள், நானே மடித்துக் கொடுத்தேன். அழுகை வரவில்லை. நான் அழவில்லை என்பதையும் நீ பார்த்தாய். அது வருமென்று நானும் காத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இப்போது அந்தக் காலையைச் சொல்கிறேன்.

பாணேரில் உன் அம்மா வேலை செய்த இத்தாலிக்காரக் குடும்பம் உனக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு பஸ் மாறி ஆறு வருஷம் போனாள். அந்த வீட்டு அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் உருளைக்கிழங்கும் முட்டையும் போட்டுக் கனமான இரும்புச் சட்டியில் ஒன்று செய்வாளாம். அதன் பேர் உன் அம்மா வாயில் ஒருநாளும் நுழையவில்லை. நம் வீட்டில் அதற்குப் 'பாணேர் முட்டை' என்று பேர் வந்துவிட்டது. அவர்கள் ஊருக்குத் திரும்பும்போது அந்தச் சட்டியை உன் அம்மாவுக்குக் கொடுத்தார்கள். இரண்டு பஸ்ஸிலும் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். தூக்கிப் பார்த்துவிட்டு, "இது சட்டியா, தண்டவாளமா?" என்று கேட்டேன். "தண்டவாளத்துல முட்டை ஊத்தித் தரேன், துன்னுட்டுச் சொல்லுங்க" என்றாள். நீ நிக்டிக்கு வேலைக்குப் போய் அங்கேயே வீடு எடுத்த பிறகு, நீ வருகிற ஞாயிறுகளில் மட்டும் அதைச் செய்வாள். நீ பீட்சா வாங்கும்போது கூடத் தருகிற காய்ந்த இலைப் பொட்டலங்களை எறியாமல் ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருந்தாள், இதில் தூவுவதற்காக. அதைப் பார்த்து நீ சிரிப்பாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் நீ வருவதாக இருந்தது. முந்தின நாள் சாயங்காலமே கிழங்கை வேகவைத்து ஆறவைத்துவிட்டாள். காலையில் எழுந்து வட்டம் வட்டமாக அரிந்து, உப்பு போட்டு, சட்டியில் எண்ணெய் விட்டு அடுக்கினாள். வெங்காயம், ஷிம்லா மிர்ச்சி என்கிற குடைமிளகாய், தக்காளி, பச்சை மிளகாய் எல்லாம் நறுக்கித் தட்டில் இருந்தது. ஏழு மணி இருக்கும். நான் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, இங்க வந்து கொஞ்சம் நில்லுங்க. முதுகு ஒரு மாதிரி இழுக்குது. பத்து நிமிஷம் படுத்துட்டு வரேன்."

"நான் நின்னு என்னா பண்றது?"

"ஒண்ணும் பண்ணாதீங்க. அதான் வேலை. கிண்டாதீங்க. அடி செவந்ததும் திருப்பிப் போடுங்க. அப்புறம் வெங்காயம், மிளகாயி, அப்புறம் தக்காளி. வதங்கினதும் நாலு எடத்துல பள்ளம் பண்ணி முட்டைய ஒடச்சி ஊத்தி, தட்டு போட்டு மூடுங்க. அவ்ளோதான்."

"முட்டை ஒடைக்கறதுக்கு நீயே வந்துடு. எனக்கு ஓடு விழும்."

"வெடிகுண்டுக்கு மருந்து போடத் தெரிஞ்ச ஆளுக்கு முட்டை ஒடைக்கத் தெரியலயாம். நில்லுங்க, அவன் பசியோட வருவான்."

இதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது. முதுகு வலி என்றாள், நான் சட்டியைப் பார்த்தேன். அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. முகம் எப்படி இருந்தது என்று இன்றைக்கு நினைத்தாலும் வரவில்லை. கிழங்கின் அடி எப்படி இருந்தது என்று கேள், சொல்கிறேன். ஓரத்தில் சிவப்பு ஏறி, நடுவில் இன்னும் வெளுப்பாக இருந்தது. இது போதுமா என்று கேட்கத்தான் உள்ளே போனேன். இரண்டு தடவை கூப்பிட்டேன். தோளைத் தொட்டேன். தொட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது குமாரு. தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்லப் போவதில்லை.

கதவைத் திறந்து சகுந்தலா மௌஷியைக் கூப்பிட்டேன். அவள் ஓடி வந்து பார்த்து அலறினாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். யாரோ டாக்டருக்கு ஓடினார்கள். யாரோ உனக்குப் போன் செய்தார்கள். சமையலறையிலிருந்து கருகல் வாடை வரவும் மௌஷி, "அரே, கேஸ் பந்த் கரா!" என்று கத்திவிட்டு அவளே போய் அடுப்பை அணைத்தாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். எனக்கு அங்கே நிற்க இடமில்லை. சமையலறைக்குப் போனேன். சட்டி பாதியில் நின்றிருந்தது. அடுப்பை மறுபடி பற்றவைத்தேன்.

சாவு வீட்டில், எடுக்கிற வரைக்கும் அடுப்பு எரியக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? எத்தனை வீட்டுக்கு நாமே இட்லியும் டீயும் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறோம். தெரியும். ஆனால் முப்பத்து நான்கு வருஷம் வெடிமருந்து நிரப்பும் பிரிவில் நின்றவன் நான். அங்கே முதல் நாளே சொல்லிக் கொடுப்பது ஒன்றுதான்: கையில் எடுத்ததை முடித்து வைத்துவிட்டுத்தான் நகர வேண்டும். பாதியில் விட்டதை அடுத்து வருபவன் முடிந்தது என்று நினைத்துத் தொடுவான். எனக்கு அன்றைக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. அவள் ஒரு வேலை சொல்லியிருந்தாள். கிழங்கைத் திருப்பிப் போட்டேன். வெங்காயம், மிளகாய், அப்புறம் தக்காளி. பள்ளம் செய்தேன். நான்கு முட்டை உடைத்தேன். ஓடு விழவில்லை. இலைத் தூளைத் தூவி, தட்டு போட்டு மூடினேன். முன் அறையில் அழுகுரல் கேட்டுக்கொண்டே இருந்தது. பக்கத்துத் தெருவில் யார் வீட்டிலோ கேட்பது போல இருந்தது.

இதுவரைக்கும் சொல்வதற்கு எனக்கு ஒரு நியாயம் இருக்கிறது. இனிமேல் இல்லை. மூடியைத் திறந்ததும் வாசனை வந்தது. எனக்குப் பசித்தது. அவ்வளவுதான். பொண்டாட்டி உள்ளே கிடக்கிறாள், எனக்குப் பசித்தது. தரையில் உட்கார்ந்து சட்டியிலிருந்தே சாப்பிட்டேன். உப்பு சரியாக இருந்தது. அவள் போட்ட உப்பு. எனக்கு வாயில் ருசி தெரிந்த கடைசிச் சாப்பாடு அதுதான். உன் சித்தி வாசலிலிருந்தே, "பொணம் கெடக்கற வூட்ல அடுப்பு எரியுது பாரு, இந்த மனுசன் உக்காந்து துன்றத பாரு" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நான் நிறுத்தவில்லை. அப்போதுதான் நீ ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்தாய்.

"அம்மா அங்க கெடக்குது. நீ இங்க உக்காந்து முட்டை துன்னுட்டு இருக்கியா?"

என் வாயில் கிழங்கு இருந்தது.

நீ என்ன நினைத்தாய் என்று எனக்குத் தெரியும். அவள் போன பிறகு எனக்காக நான் சமைத்துத் தின்றேன் என்று நினைத்தாய். கொஞ்ச நாள் அதுதான் என் குற்றம் என்று நானும் நினைத்தேன். இல்லை. அந்தக் கிழங்கை அரிந்தது அவள் கை. உனக்காக அரிந்தது. நீ பசியோடு வருவாய் என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தாள். உன் அம்மா கடைசியாகச் சமைத்தது அந்தச் சட்டியில் இருந்தது. அது முழுக்க உனக்குச் சேர வேண்டியது. நீ நிக்டியிலிருந்து அதற்காகத்தான் கிளம்பி வந்தாய். நான் ஒரு வாய்கூட உனக்கு வைக்கவில்லை. நான்கு முட்டையையும் நானே தின்றேன். உன் அம்மா கை உப்பு உன் நாக்கில் இன்னொரு தடவை பட்டிருக்கலாம், அதை நான் எடுத்துக்கொண்டேன். இதைச் சொல்லத்தான் எழுதப் படித்தேன். என்னை மன்னிக்கச் சொல்லவில்லை. எதற்காகக் கோபப்பட வேண்டுமோ அதற்காகக் கோபப்படு என்கிறேன்.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவனுக்கு அப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். மேகனா ஏதாவது வலி என்று சொன்னால் கையில் இருப்பதை வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார். அவள் உனக்கு எழுதுவது எதுவானாலும் நீயே படி, வேறு யாருக்கும் காட்டாதே. இப்போதெல்லாம் போனிலேயே எழுதிக்கொள்கிறீர்கள், அதுவும் கடிதம்தான். அவள் பத்திரிகை அனுப்பிய மறுநாள் எனக்குப் போன் செய்தாள். "பாபா, ஆப் ஆயேங்கே நா?" என்று, வருவீங்கதானே என்று, நாலு தடவை கேட்டாள். நல்ல பெண். நீ சொல்லிக் கேட்டாளா, தானாகக் கேட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. தானாகவே கேட்டிருந்தால் அவளை விட்டுவிடாதே.

ஒரு சாப்பாடாவது முழுதாகச் செய்யக் கற்றுக்கொள். நான் கற்றுக்கொண்டுவிட்டேன். முதல் தடவை பச்சைக் கிழங்கை அப்படியே போட்டு, வெளியே கருகி உள்ளே நறநறவென்று இருந்தது. அடுத்த தடவை சூட்டோடு அரிந்து எல்லாம் களியாகிவிட்டது. மௌஷி ருசி பார்த்துவிட்டு, "பாவூ, ஹே காய், கிழங்கா சுண்ணாம்பா?" என்று பாதி மராத்தி பாதி தமிழில் கேட்டாள். முந்தின நாளே வேகவைத்து ஆறவைக்க வேண்டும் என்பது அப்புறம்தான் புரிந்தது. விரல் தடிமனுக்கு அரிய வேண்டும். சட்டி நன்றாகக் காய்ந்த பிறகுதான் எண்ணெய். அடுக்கிய பிறகு தொடக் கூடாது, அதுதான் கஷ்டம், கை சும்மா இருக்காது. தானாகச் சட்டியை விட்டு வந்தால் சிவந்துவிட்டது என்று அர்த்தம். தக்காளித் தண்ணீர் வற்றிய பிறகு முட்டை. அந்த இத்தாலிக்கார அம்மா பச்சை மிளகாய் போடமாட்டாளாம், நம் வீட்டில் போடுவோம். மேலே சீஸ் துருவிப் போட்டு, தீயைக் குறைத்து மூடி, வெள்ளை இறுகி மஞ்சள் ஆடுகிற நேரத்தில் இறக்க வேண்டும். சட்டிச் சூட்டிலேயே மீதியும் வெந்துவிடும். பாவ் ரொட்டியைப் பிய்த்துத் தொட்டுச் சாப்பிட வேண்டும். இப்போது நன்றாகவே வருகிறது என்று மௌஷி சொல்கிறாள். எனக்கு நாக்கில் எதுவும் தெரிவதில்லை, அதனால் அவள் சொல்வதை நம்புகிறேன். உப்பு மட்டும் கணக்கில்லாமல் போட்டுவிடுகிறேன். அதைப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை செய்கிறேன். சனிக்கிழமையே கிழங்கு வேகவைத்துவிடுவேன். எட்டரை மணிக்கு முட்டையை உடைப்பேன். மேகனா வந்தால் ஆறு முட்டையாகப் போட்டுக்கொள்ளலாம். நீ வந்து ஒன்றும் பேச வேண்டாம். பழையதைக் கேட்கவும் வேண்டாம், எல்லாம் இதிலேயே எழுதிவிட்டேன். உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, உப்பு எப்படி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போ. வராவிட்டாலும் செய்வேன். ஆனால் பாதிக்கு மேல் தொட மாட்டேன்.

அப்பா